மரமில்லா மலை

வேலூரைப் பழிக்க வேலூர்க்காரர்களிடமே ஒரு பட்டியல் உண்டு:
நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை,
மரமில்லா மலை.
பெண்களைப் பற்றி அதில் வருவதை நான் சொல்வதில்லை,
ராத்திரி வீட்டுக்குப் போக வேண்டும்.

மலையைப் பற்றி மட்டும்
உழவாரன்களைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.
கிளையில் உட்காரத் தெரியாத பறவை.
நான்கு விரலும் முன்பக்கமே நீட்டிய கால்,
கால் என்பதைவிடக் கொக்கி.
பாறை வெடிப்பில் மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.
அதற்கு வேண்டியது மொட்டைப்பாறை.
எங்களிடம் எக்கச்சக்கம்.

காந்தி ரோட்டுக்குப் பின்னால்,
மருந்துக்கடைகள் வங்காளத்தில் போர்டு வைத்திருக்கும் சந்தில்
நாலு மாடி லாட்ஜ்.
சாவி, பக்கெட், தண்ணீர் டேங்க் என் பொறுப்பு.
ஐப்பசியில் காற்று நின்று புழுங்கி,
கிழக்கே புயல் சின்னம் என்று டிவி சொல்லும் மாலைகளில்
கோட்டைமலைக்கு அப்பாலிருந்து வரும்.
முதலில் சத்தம்,
பழைய தையல் மிஷினை யாரோ அவசரமாக மிதிப்பதுபோல.
பிறகு அரிவாள்கள்.
வெள்ளைத் தொண்டை, வெள்ளை வயிறு,
நடுவில் நெஞ்சின் குறுக்கே ஒரு பழுப்புப் பட்டை,
ஆஸ்பத்திரியில் கட்டி அனுப்பிய மாதிரி.

உறக்கமும் மேலேயே என்கிறார் காட்டிலாகா எத்திராஜ்.
மாதக்கணக்கில் தரை தொடாதாம்.
மேற்கே அருவிகளுக்குப் பின்னால்
எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு வைக்குமாம்.
"நம்ம கூட்டமும் அங்கதான் போகுதா?"
"கூடவே போய் யாருப்பா பாத்தது?"

போன வருஷம் ஒன்று
கேபிள் ஒயரில் மோதி மாடியில் விழுந்தது.
காயும் போர்வைகளுக்கிடையே
இறக்கையைத் துடுப்பாக அடித்து அடித்து
அங்குலம் அங்குலமாக நகர்ந்தது.
வௌவால் என்று துடைப்பத்தை எடுத்தேன்.

407-ஆம் அறை ஷெஃபாலி தடுத்தாள்.
மால்டாவிலிருந்து வந்து பதினோரு நாள்.
கணவர் நிர்மலின் ரிப்போர்ட்
நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தது.
கையில் எடுத்தாள். அது அவள் விரலைக் கவ்வி
விடவே இல்லை. கைப்பிடிச் சுவர்மேல் வைத்தோம்,
வயிற்றோடு படுத்துவிட்டது.
கடைசியில் அவள்தான்
டேங்கின் வெளிப்பக்கச் சுவரில், செங்குத்தாக, ஒட்டவைத்தாள்.
பிடித்துக்கொண்டது.
கீழே நாலு மாடி.

எவ்வளவு நேரம் அப்படி என்று தெரியாது.
மோட்டார் போட வேண்டியதை மறந்திருந்தேன்.
பிறகு அது
கையை விட்டது.
மூன்றாம் மாடி ஜன்னல், ஏசி பெட்டி,
இரண்டாம் மாடியில் தொங்கும் லுங்கி,
"ஏ மா!" என்று ஷெஃபாலி அலறினாள்.
லுங்கிக்கும் மின்கம்பிக்கும் நடுவே
விழுவது எங்கேயோ முடிந்து
பறப்பது இருந்தது.
மலைப்பக்கம் திரும்பியதைப் பார்த்தோம். கூட்டத்தில் எது என்று
பிறகு சொல்ல முடியவில்லை.

மறுநாள் மதியம் அறையைக் காலி செய்தார்கள்.
ரிப்போர்ட்டில் என்ன என்று நான் கேட்பதில்லை,
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொண்டது.
எக்ஸ்ட்ரா பாய்க்கு மூன்று நாள் காசைக் கழித்துவிட்டேன்.
பதிவேட்டில் 'செல்லும் இடம்' என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தபடி கொஞ்சம் நின்றாள்.
ஒரு புள்ளி விழுந்திருந்தது.
காட்பாடிக்கு ஆட்டோ வந்துவிட்டது.

தையில் மலை மொட்டையாக, வெறுமையாக இருந்தது.
போனதை யாரும் பார்க்கவில்லை.
ஓனர் பட்டியலைச் சொல்லிச் சிரித்தார்.
நான் மோட்டார் போடப் போனேன்,
டேங்க் சுவரில் வெள்ளையாக ஒரு எச்சக் கோடு.
சுண்ணாம்பு அடிக்க வந்தவனிடம்
அந்தப் பக்கம் வேண்டாம் என்றேன்.