பத்து மணிக்குள் திருப்பவும்

கதவுக்கு ஓர் அட்டை.
ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் வெறும் வெள்ளை.
தூங்கப் போகும்போது வெள்ளை, எழுந்தால் பச்சை.
பத்து மணிக்குள் திருப்பாதவர் கதவை
நான் போய்த் தட்டுவேன்.
ஜூன் முதல் செப்டம்பர் வரை இதுதான் என் உத்தியோகம்.
சம்பளம் கிடையாது.
ஒரு சாவிக்கொத்து, ஒரு விசில்.

அரிசோனாவின் ஜூலையைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.
நிழலிலேயே நூற்றுப் பதினேழு.
பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீர் வரும்.
கோல்ஃப் வண்டி ஓட்டுகிறவர்கள்
அடுப்பங்கரைக் கையுறையோடு ஓட்டுவார்கள்.
வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டே நிமிஷம்
விழுந்து கிடந்தாள் வெர்னா.
விழுந்ததில் ஒரு கீறலும் இல்லை.
தரை சுட்ட முழங்கை இன்னும் ஆறவில்லை.

அதனால் நாங்கள் ஆந்தைகள் ஆகிவிட்டோம்.
விடியுமுன் நாலரைக்கு
நீச்சல் குளத்தில் எட்டுத் தொப்பிகள் மிதக்கும்.
யாருக்கு எந்த மூட்டு மாற்றினார்கள்,
யார் மகன் இன்னும் போன் செய்யவில்லை,
எல்லாம் கழுத்தளவு நீரில்.
இரவில் ஹெர்ஷல் ஊதா விளக்கோடு கிளம்புவார்.
அந்த வெளிச்சத்தில் தேள்கள் பச்சையாய் மினுங்கும்.
நேற்று பதினொன்று என்பார்,
மீன்பிடித்து வந்தவர் மாதிரி.

வெண்டலின் அட்டை ஆறு மணிக்கே பச்சையாகிவிடும்.
முப்பத்தாறு வருஷம் சரக்கு ரயில் ஓட்டியவர்,
நிமிஷம் பிசகாது.
அந்தச் செவ்வாய்க்கிழமை
பத்தாகியும் வெள்ளை.

தட்டினேன். சாவி போட்டேன். கை நடுங்கி
வேறு சாவி. இன்னொரு சாவி.
உள்ளே ஏசி அணைந்திருந்தது.
மின்கட்டணச் சீட்டு மேஜையில் விரித்தபடி,
அதன்மேல் மூக்குக்கண்ணாடி.
நாற்காலியில் மனிதர்,
முகம் சிவந்து, ஒரு பொட்டு வியர்வை இல்லாமல்.
வியர்வை இல்லாததுதான் என்னைப் பயமுறுத்தியது.

"இது எந்த ஸ்டேஷன்?" என்றார்.
"இன்னும் வரவில்லை, உட்காருங்கள்" என்றேன்.
விசில் ஊதினேன்.
வெர்னா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.
பட்டாணிப் பொட்டலம், ஐஸ், ஈரத்துண்டு,
கழுத்தில், அக்குளில், தொடையிடுக்கில்.
வெட்கப்பட நேரமில்லை.
குடிக்கத் தண்ணீர் எடுத்துவந்த ஹெர்ஷலைத் தடுத்தேன்,
நினைவு தப்பியவர் வாயில் ஊற்றக் கூடாது.
ஹெர்ஷல் அந்தத் தண்ணீரைத் தானே குடித்தார்.

ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தார் வெண்டல்.
நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை.
"உனக்கு விசில் ஊதத் தெரியவில்லை, ஓலெட்டா.
இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம்.
அப்போதுதான் ரோட்டில் இருப்பவன் ஒதுங்குவான்."
ஏசி மட்டும் இப்போது ஓடுகிறது.
கட்டணத்தில் பாதியை அலுவலகம் ஏற்றுக்கொண்டது.
கேட்கச் சொன்னது நான் என்று
அவருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு
என் அட்டையை நான் திருப்பவில்லை.
மறதி இல்லை.
நாற்பத்திரண்டு கதவு பார்க்கிறவள் கதவை
யார் பார்ப்பார்கள் என்று ஒரு கெட்ட ஆசை.
உள்ளே உட்கார்ந்துகொண்டேன்.
காபி குடித்தால் வாசனை வெளியே போகும் என்று
குடிக்கவில்லை.

பத்து.
பத்து ஒன்று.
பத்து மூன்றில் எனக்கே என்மேல் கோபம்,
கிழவியின் கூத்து என்று எழுந்தேன்.
அப்போது நடைவண்டியின் சத்தம்,
கால்களில் மாட்டிய டென்னிஸ் பந்துகள்
தரையைத் தேய்த்துத் தேய்த்து.

இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம்,
கதவில் விரல்முட்டியால்.

திறந்தேன்.
"நாலு நிமிஷம் தாமதம்" என்றார்,
"ஷூ கயிறு."
"அட்டை கெட்டுவிட்டது, திரும்பமாட்டேன் என்கிறது"
என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.
குனிந்து பார்த்தார். ஒரு விரலால் திருப்பினார்.
பச்சை.

"நன்றாகத்தான் இருக்கிறது" என்றார்.
காபி இருக்கிறதா என்று கேட்கவில்லை,
நேரே உள்ளே வந்துவிட்டார்.