வேலை நின்ற காரணம்

ஒட்டுசுட்டான் யார்ட்டில்
கிறேடர், றோலர், பெக்கோ, தண்ணி பவுசர்:
இயந்திரம் நான்கு, பற்றரி மூன்று.
காலையில் எது கிளம்பும் என்பதை
வீதியின் பள்ளங்கள் தீர்மானிப்பதில்லை.
நேற்றிரவு எதற்குள்
பற்றரி தங்கியதோ அது கிளம்பும்.

ஓட்டப் பதிவேட்டில் கடைசிக் கட்டம்
வேலை நின்ற காரணம்.
இரண்டு விரல் அகலம்.

"மழை" என்று எழுதுவான் லோஜனன்,
புரட்டாதி வெயிலிலும்.
"டீசல் வரவில்லை" என்பது
எனக்கென்றே எழுதியது.
"ஆனை" என்று மரியசீலன்.
கரிப்பட்டமுறிப்புக்கு அப்பால்
றோலரின் கூரையில் ஏறி
மூச்சையும் அடக்கி அவன் நின்ற இரண்டு மணி நேரம்
அந்த இரண்டெழுத்துக்குள்.

"பக்கெட்டில் என்னவோ தட்டுது" என்று
பேரின்பநாயகம் எழுதிய நாளுக்குப் பிறகு
பெக்கோவுக்கு மூன்று நாள் வெறும் பக்கம்.
சிவப்பு நாடா கட்டினார்கள்,
குந்தியிருந்து தோண்டினார்கள்,
நாடாவை அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.
நான்காம் நாள்
அவரே போய் அதே இடத்தில் மண் அள்ளினார்.
சாவியைத் திருப்ப
எத்தனை நேரம் எடுத்தாரென்று
மணிமானி காட்டாது.

மணிமானி பொய் சொல்லாது,
முழுதும் சொல்லாது.
எஞ்சின் ஓடினால் அதற்கு வேலை.
வீரை மர நிழலில் ஏசியைப் போட்டுக்
கண்ணயர்ந்தாலும் வேலை.
ஆகவே முதலில் லீற்றரைப் பார்ப்பேன்,
பிறகு மோட்டார்சைக்கிளில் போய் வீதியைப் பார்ப்பேன்.
அறுபது லீற்றருக்கு அறுநூறு மீற்றர்.
"கிறேடர் குடிச்சதோ, லோஜனன்?"
கழுத்தைச் சொறிந்தான்.
அடுத்த நாள் ஒன்றரைக் கிலோமீற்றர்.
நானும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

றோலரை ஏற்ற லோபெட்
வவுனியாவிலிருந்து இரவல்.
யார் முதலில் போன் எடுத்தாரோ
அவருடைய ஊருக்கு முதலில் போகும்.
திங்கள் முள்ளியவளை, புதன் நெடுங்கேணி,
வெள்ளி மறுபடியும் முள்ளியவளை.
ஒரு பின்னேரம் கூட்டிப் பார்த்தேன்.
ஆவணி முழுக்க
றோலர் தானாக உருண்டதைவிட
லோபெட்டின் முதுகில் சவாரி போனதே அதிகம்.

அன்றிரவு வரைபடத்தை மேசையில் விரித்து
கிழக்கிலிருந்து மேற்கே
திரும்பாமல் ஒரு கோடு இழுத்தேன்.
பதினோரு வீதி, லோபெட் இரண்டே தடவை.
மிஞ்சிய டீசலை எண்ணும்போது
கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.
கோட்டின் நுனியில் ஒரு உள்வீதி,
கூழாமுறிப்புப் பக்கம்.

அங்கிருந்து வந்தார்
கமக்காரர் அமைப்புச் செயலாளர் தில்லைச்சிவம்,
மடித்த கடிதமும் நனைந்த சட்டையுமாய்.
"எங்களுக்கு எப்ப, மிஸ்?"
"ஐப்பசி இருபத்திமூன்று."
வாசலால் வானத்தைப் பார்த்தார்.
"மழை இருபதுக்கு முதல் பிடிச்சிடும்."
கோட்டைக் காட்டினேன்.
விரலால் நுனிவரை தடவினார்.
"சரியான கோடுதான்" என்றார்.
அதுதான் தாங்க முடியவில்லை.

பத்தொன்பதாம் திகதி இரவு பிடித்தது.
கொட்டிய கிரவல் குவியலாகவே கரைந்து
வாய்க்காலில் சிவப்பாய் ஓடியது.
பத்து வீதி முடிந்தது.
மேலிடத்தில் பாராட்டினார்கள்.

பதினோராவதின் பதிவை
மரியசீலனிடம் கொடுக்கவில்லை.
மழை என்று எழுதினால் எவரும் கேட்கப்போவதில்லை.
பேனையை எடுத்து
"வரிசை" என்று எழுதி,
பக்கத்தில் என் கையெழுத்தை வைத்தேன்.
இரண்டு விரல் அகலத்துக்குள் அடங்கியது.

புதுப் பதிவேடு வந்திருக்கிறது.
தை மாதம், முதல் வரி:
கூழாமுறிப்பு உள்வீதி.
எழுதிவிட்டேன்,
பென்சிலால்.