ஆணி அடிக்காத படங்கள்

எங்கள் பழைய ஃப்ளாட்டில் நான்கு ஆணித் துளைகள்.
காலி செய்த அன்று வாட்ச்மேன் விரல் விட்டுப் பார்த்தார்.
துளைக்கு நூறு திர்ஹம் வீதம்
வாப்பாவின் டெபாசிட்டில் குறைந்தது.
அன்றைக்குத் தோன்றியதுதான் என் தொழில்.

ஷார்ஜாவில் சுவருக்கா பஞ்சம்?
அல் நஹ்தாவில் மட்டும் எத்தனை கட்டடம், எத்தனை மாடி,
எல்லாம் வெள்ளை, ஒன்றும் சொந்தமில்லை.
ஆணி வேண்டாம். மெல்லிய பலகை, பின்னால் ஒட்டு நாடா,
மாத வாடகை இருபத்தைந்து,
ஊருக்குப் போகும்போது திருப்பித் தந்துவிடலாம்.
வரைவது நான்.
எக்செல், பேரம், பொய் எல்லாம் நுஸ்ரத்.

மூன்றாம் ஆண்டுப் பாடத்தில் இதற்கு இருபது மதிப்பெண்.
"உங்கள் வாடிக்கையாளர் யார்? முகம் சொல்லுங்கள்"
என்றார் மிஸ் ரானியா.
"முப்பத்தைந்து வயது, இரண்டு குழந்தை, சோபா உண்டு"
என்றாள் நுஸ்ரத்.
அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாது,
எங்கள் வாப்பாக்களைத் தவிர.
அவர்கள் படத்தை வாடகைக்கு எடுக்க மாட்டார்கள்.

மூன்று வாரம். பதினோரு படம். ஒரு போன்கூட இல்லை.
கட்டிலுக்கடியில் பாலைவனம் இரண்டு,
துறைமுகப் படகு நான்கு,
மற்றதெல்லாம் பூ.
பூவைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

பிறகு ரோலாவிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்:
"தங்கச்சி, ரெண்டடிக்கு மூணடி கிடைக்குமா?
சுவரு இல்ல. மேக்கட்டில் பலகைக்கு அடியில ஒட்டணும்.
நான் கீழ்க்கட்டில்."

பெயர் இருதயராஜ். ஏசி டக்ட் வேலை.
அனுப்பிய போட்டோவில்
எட்டுப் பேரின் பெட்டியும் ஈரத்துண்டும் தின்றது போக
சுவர் என்று எதுவும் மிஞ்சவில்லை.
படுத்தால் மூக்குக்கு இரண்டடி மேலே பிளைவுட்,
அதில் யாரோ எழுதிவைத்த பழைய போன் நம்பர்.

என்ன படம் வேண்டும் என்றேன்.
ஆறு, தேர், தென்னை என்று ஏதாவது வருமென்று
பச்சை ட்யூபைத் திறந்தே வைத்திருந்தேன்.
"உயரமான கூரை ஒண்ணு" என்றார்.
"சும்மா கூரைதான். ரொம்ப மேல இருக்கணும்.
பெரிய மால்ல இருக்கும் பாருங்க,
அதுக்கும் மேல படுத்துக்கிட்டுதான் நான் வேலை பாக்கேன்.
கீழேருந்து பாத்ததில்ல."

நான்கு நாள் தூரத்தை வரைந்தேன்.
தூரத்துக்கு நிறம் கிடையாது,
வெள்ளையை ஒன்பது விதமாகக் கெடுக்க வேண்டும்.
பத்து திர்ஹம் என்றாள் நுஸ்ரத், எக்செல்லைப் பார்க்காமலே.
மளிகைக்கடை வாசலில் வாங்கிக்கொண்டு போனார்,
தலைகீழாகப் பிடித்தபடி.
கூரைக்கு ஏது தலைகீழ்?

மறுவாரம் அதே அறையில் மூன்று பேர்.
அப்புறம் எதிர்க் கட்டடம்.
சோபாக்காரரை ஸ்லைடிலிருந்து அழித்தோம்.

ஏப்ரலில் முதல் கூரை திரும்பி வந்தது,
மளிகைக்கடைக்காரர் கையில்.
விசா கேன்சல், ஆள் போயாச்சு என்றார்.
பாக்கி இல்லை, பத்து திர்ஹம் அதிகமாகவே இருந்தது.
இடது மூலையில்
நீலப் பால்பாயிண்ட் பேனாவால்
ஒரு பல்லி.
நகம்வரை கவனமாக, வால் நுனி மட்டும் அவசரமாக.
அது அங்கே ஒட்டியிருந்ததில்
என் கூரை இன்னும் பத்தடி மேலே போயிருந்தது.

இப்போது எல்லோரும் கேட்பது அதைத்தான்:
"அந்தப் பல்லி வச்சது இருக்கா?"
நகலெடுக்கிறேன். சரியாக வரவில்லை.
என்னுடையவை எல்லாம்
விழுந்தால் என்ன பலனென்று
காலண்டரைப் புரட்ட வைக்கும் பல்லிகள்.

அவர் நம்பர் அணைந்தே கிடக்கிறது.
நுஸ்ரத் எக்செல்லில் ஒரு பத்தி சேர்த்தாள்:
பல்லி, படத்துக்கு இரண்டு திர்ஹம்.
நேற்றுவரை நூற்றுப் பதினாறு.
மிஸ் ரானியா சிவப்பில் வட்டமிட்டு
ஓரத்தில் எழுதியிருக்கிறார்:
இது யாருக்குப் போகிறது?