பார்க்காத பாகம்

அந்த மலையாளக் குற்றத் தொடரின் எட்டாம் வாரத்தைத்
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
பார்த்ததில்லை.

குறும்பனையில், பனியடிமை வீட்டு கெல்ட்ரான் பெட்டியில்
திருவனந்தபுரம் தெரிய வேண்டுமானால்
மட்டுப்பாவில் ஒருவன் நிற்க வேண்டும்.
ஆடிக் காற்று.
ஆன்டெனாக் குழாயை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு
நான் நின்றேன்.
"தெளிஞ்சாச்சு மக்கா, அங்கினயே நில்லு."
அதற்குப் பிறகு கீழேயிருந்து வந்ததெல்லாம்
அபிப்பிராயம்.

செத்துக் கிடக்கிறவன் மூச்சு விடுகிறான் என்றான் ததேயூஸ்.
கரண்டு குறைஞ்சு படம் ஆடுது என்று
பெட்டியின் மானத்தைக் காத்தார் பனியடிமை.
மூணு நாள் தண்ணியில கிடந்த பொணத்துக்குப்
பொத்தான் இப்பிடியா நிக்கும்,
கடலையே பாக்காத பய எடுத்த படம் என்று
மிக்கேல்பிச்சை காறித் துப்பியது
மணலில் விழுந்ததுகூடக் கேட்டது.
செலினுக்கு இன்ஸ்பெக்டரின் குடைமேல் சந்தேகம்.
மழையில வந்தவருக்க குடை நனையல்லியே,
இவருதான் கொன்னிருப்பாரு, பாருங்க.
பாதி மலையாளம் எல்லாருக்கும் புரியும்.
மீதியைச் சண்டையில் தீர்த்துக்கொள்வார்கள்.

அப்போதுதான்
கிறிஸ்பினின் வலைப்புரைக்குப் பின்னால்
ஒரு தீக்குச்சி.
பீடி என்று நினைத்தேன்.
பீடி அவ்வளவு அகலமாக எரியாது.

மண்ணெண்ணெய் டின்னோடு திரும்பியவன்
அண்ணாந்து பார்த்தான்.
மேகம் விலகிய நேரம்.
என்னைத் தெரிந்திருக்கும்.
எனக்கும் அவனைத் தெரியும்:
ஞாயிற்றுக்கிழமைப் பந்தாட்டத்தில்
அவன் கோலி, நான் பேக்.

குழாய் கொஞ்சம் திரும்பியிருக்க வேண்டும்.
"ஏல, போச்சு! படம் போச்சு!"
நாற்பது பேர் ஒரே தொண்டையாக அலறினார்கள்.
திருப்பிப் பிடித்தேன்.
கை இரண்டும் குழாயில் இருந்தன.
வாய்க்கு அன்று என்ன வேலை இருந்தது?

கீழே வெரோணிக்கா டீச்சர்
கொன்றவனை விட்டுவிட்டு
எதிர் வீட்டுக்காரியைப் பிடித்துக்கொண்டார்.
அலறல் கேட்டிருக்கு. சன்னலைச் சாத்திட்டா.
மொதல்ல அவளுக்குப் போடணும் விலங்கு.
ஒரு தெருவுக்கே கண்ணு இல்லியா?
ஒருத்தன்கூடவா பாக்கல்லே?
நம்ம ஊருன்னா நடக்குமா இது?
ததேயூஸுக்கு வேறு குறை:
கணக்கப்பிள்ளைதான் கொன்னான்னு
அந்த இன்ஸ்பெக்டருக்கு யாருல சொன்னது?
கதையில ஓட்டை. பெரிய ஓட்டை.

எழுத்து ஓடி முடிந்து
செய்தி தொடங்கிய பிறகுதான்
நைலான் எரியும் நாற்றம் உள்ளே போனது.

மறுநாள் குளச்சலிலிருந்து ஏட்டு வந்தார்.
எல்லாரும் டிவிக்கு முன்னால்.
நீ?
டிவிதான் சார்.
எங்க, கதையைச் சொல்லு பாப்போம்.

பிணம் மூச்சு விட்டதைச் சொன்னேன்.
பொத்தானை, நனையாத குடையை,
கணக்கப்பிள்ளை அழுததைச் சொன்னேன்.
எதிர் வீட்டுக்காரி வந்தபோது
டீச்சரின் கோபத்தையும் சேர்த்தே சொன்னேன்.
அந்த வாரம் அவருக்குத் தப்பியிருந்தது போல,
எழுதுவதை விட்டுவிட்டுக் கேட்டார்.
ஓட்டைக் கதை, என்றார். போ, என்றார்.
வெளியே கிறிஸ்பின்
சாம்பலைச் சல்லடையில் அரித்து
ஈயக் குண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.
சட்டியில் ஒவ்வொன்றாய்ப் போடும் சத்தம்.

போன மாதம் தம்பி மகன்
அந்தப் பாகத்தை எங்கிருந்தோ எடுத்துப்
போனில் போட்டுத் தந்தான்.
இருபத்திரண்டு நிமிடம்.
பிணம் மூச்சு விடவில்லை.
குடை நனைந்துதான் இருக்கிறது.
பொத்தான் விஷயம் மிக்கேல்பிச்சை சொன்னது சரி.

பதினாறாம் நிமிடத்தில்
எதிர் வீட்டுக்காரி சன்னலைச் சாத்துகிறாள்.
பிறகு ஆறு விநாடி,
இங்கே யாரும் பார்க்காத ஆறு விநாடி.
சாத்திய சன்னலை அவளே திறக்கிறாள்.
கீழே நிற்கும் இன்ஸ்பெக்டரைப் பார்த்து
ஒரு பெயரைச் சொல்கிறாள்.
அவ்வளவுதான். அப்புறம் அவளைக் காட்டவே இல்லை.

டீச்சர் இப்போது இல்லை.
ததேயூஸ் துபாயில் இருக்கிறான்,
நம்பர் என்னிடம் உண்டு.
ஓட்டை கதையில் இல்லலே என்று
அவனிடமாவது சொல்ல வேண்டும்.