சேய்மை விளி

அந்தமான் விழுந்து மூன்றாம் வாரம்.
சென்னையிலிருந்து வரும் ரயில்களில்
தையல் இயந்திரம், அம்மி, கூண்டோடு கிளி.
கடலூர் முதுநகர், துறைமுக ஆபீசின் பின்னறை.
இரவு முறைக்காரன் நான், பெலவேந்திரன்,
மாதம் நாற்பத்தைந்து ரூபாய்.
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. உப்பனாற்றுச் சேற்று வாடை மட்டும்
அனுமதிச் சீட்டில்லாமல் உள்ளே வரும்.

எதிரியின் தந்தி எங்களுக்குப் புரியாது.
அவன் எழுத்துகள் எங்கள் அட்டவணைக்குள் அடங்கா.
புரிய வேண்டாம், எழுது, என்பார் ஹார்க்னெஸ் துரை.
எழுதுவேன்.
பள்ளிக்கூடத்தில் பிரம்படியோடு ஏறிய கணக்கு ஒன்று
இங்கே உதவுகிறது:
புள்ளி ஒரு மாத்திரை, குறில்.
கோடு மூன்று மாத்திரை,
நெடிலையும் தாண்டிய அளபெடை.

மாலை 6.50. இருட்டிவிட்டது.
மெலிந்த ஒரு குரல்.
கப்பலின் கையை நான் அறிவேன்,
நான்கு இரவில் இரண்டே முறை கேட்டிருக்கிறேன்,
சோழி எண்ணுவதுபோல் நிதானம்.
இது அதன் குருவி.
வேவு பார்க்க அது வீசியெறிந்த மிதவை விமானம்.
எஞ்சின் நடுக்கம் விரலில் ஏறி
குறில்கள் இரட்டிக்கின்றன.

முதலில் ஐந்தெழுத்து. மறுபடி அதே ஐந்து.
பிறகு இரண்டு மட்டும்.
கோடுகள் நீளத் தொடங்கின,
மூன்று மாத்திரை நாலாகி, ஐந்தாகி.
அதற்கு அகராதி எதற்கு?
பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல் குறுகும்,
தொலைவில் இருப்பவனுக்கு நீளும்.
சோனாங்குப்பத்து மணல்திட்டில் நின்று செடலாயி
தன் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவாள்:
அஞ்சாப்புலீஈஈ.

கப்பல் பேசவில்லை.
பேசினால் என்னைப் போல் ஒருவன் கேட்டுவிடுவான்.
ஆக, அந்த மௌனம் எனக்காக.

6.58.
7.04.
7.09. பெட்ரோலுக்கும் மாத்திரைக் கணக்கு உண்டு.

வளைய ஆண்டெனாவின் பிடியில் என் கை.
ஒலி பெரிதாகும் பக்கம் ஏமாற்றும்.
எங்கே அடியோடு அற்றுப்போகிறதோ
அந்த இழையில் இருக்கிறான் ஆள்.

பேசு, என்றேன் வாய்விட்டு.
நூகு மரைக்காயர் டைப்ரைட்டரிலிருந்து நிமிர்ந்தார்.
பேசினால் பிடித்துவிடலாம் என்றா,
பேசினால் அந்தப் பையன் இறங்கிவிடுவான் என்றா?
அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் வாயில் இருந்தது
ஒரே சொல்தான்.

7.13. பேசியது.
எழுத்தாக எதுவுமில்லை. ஒரே கோடு,
மூச்சுவிடாமல்.
விரல் நொடித்து எண்ணினேன்.
முப்பது. முப்பத்தொன்று.
நாற்பத்தாறு மாத்திரை.
எந்த இலக்கணத்திலும் அவ்வளவு நீள உயிர் கிடையாது.
அந்த நிதானமான கைதான்.
கேப்டன் உத்தரவோ, கையே மீறியதோ.

அதற்குள் என் கை வளையத்தைத் திருப்பி முடித்திருந்தது.
ஒலி அற்றது: நூற்றுப் பன்னிரண்டு பாகை.

துரை வரைபடத்தில் ஸ்கேல் வைத்தார்.
கடலூரில் கிளம்பிய பென்சில் கோடு
நிக்கோபார் பக்கமாக, தாள் முடியும்வரை ஓடியது.
அதன்மேல் எங்கோ கப்பல்.
குறுக்கே இன்னொரு கோடு விழ வேண்டும்.
விசாகப்பட்டினத்துக்குப் போன் போட்டார்.
அங்கே அபாயச் சங்கு, காது வைத்தவர்களெல்லாம் பதுங்கு குழியில்.
ரிசீவரை வைத்துவிட்டு என் தோளைத் தட்டினார்.
தட்டியிருக்க வேண்டாம்.

7.14. குருவி.
இரண்டு குறில்.
சரி என்பதா, பார்த்துவிட்டேன் என்பதா, விரல் நழுவியதா.
பதிவேட்டில் 'பொருள்' என்ற கட்டத்தை
வழக்கம்போல் காலியாக விட்டேன்.

காலையில் முகத்துவார வழியாக சைக்கிளில் திரும்பினேன்.
திட்டில் செடலாயி, இடுப்பில் குழந்தை.
ஒன்று. இரண்டு. மூன்றாவது கூப்பாடு
என் கழுத்து நரம்பில் இழுத்தது.
கால் ஊன்றி நின்றேன்.
நாலாவதுக்கு, பனிமூட்டத்துக்குள்ளிருந்து:
வரேன்டீ, நான் என்ன செவிடா!

அவள் திட்டிக்கொண்டே கூடையை எடுத்தாள்.
பெடலை மிதிக்க
எனக்கு இன்னும் கொஞ்ச நேரமாயிற்று.