மைனஸ் இருபது

இறால் பெட்டிக்கு மைனஸ் பதினெட்டு.
மருந்துப் பெட்டிக்கு ப்ளஸ் ஐந்து.
ராத்திரி ஷிஃப்டில் என் வேலை
அடுக்கி வைத்த கண்டெய்னர்களுக்கு
நாடி பார்ப்பது.
ஏறினாலும் எழுதுவேன், இறங்கினாலும் எழுதுவேன்.
என் சட்டை மட்டும்
எப்போதும் முதுகோடு ஒட்டியிருக்கும்.

கப்பல் சமையல்காரன் ஒருவன், கொரியாக்காரன்,
போனுக்கு ரீசார்ஜ் பண்ணிக் கொடுத்ததற்கு
மூன்று பழம் தந்தான்.
எலுமிச்சையைவிடச் சின்னது,
தோலெல்லாம் பூனைக்காது மயிர்.
விரலை அசைத்து எதையோ தூவிக் காட்டினான்.
மழை என்று நினைத்தேன்.
மழை இவ்வளவு மெதுவாக இறங்காது.
"மைனஸ் ட்வென்ட்டி," என்றான். "நோ டை."

வளர்மதி ஒன்றை அறுத்து
ரசத்தில் பிழிந்தாள்,
ரசத்தையே கொட்டினாள்.
சதை கொஞ்சம், மீதியெல்லாம் விதை.
காயவிட்டால் செத்துப்போகுமாம்,
குளிரில் கிடந்தால்தான் கண் விழிக்குமாம்.
ஈரத்துணியில் சுற்றி, தயிர் டப்பாவில் அடைத்து,
மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால்
திருட்டுத்தனமாக ஒரு குளிர்காலம்
மூன்று மாதம் நடத்தினேன்.

புயலில் இரண்டு நாள் கரண்ட் இல்லை.
மாவு பொங்கி ஃப்ரிட்ஜ் முழுக்க வழிந்தது.
டப்பாவைத் திறந்தால்
ஏழு விதை வாய் பிளந்திருந்தது.
"மாவுக்குப் புளிச்சுது,
இதுக்கு விடிஞ்சுது" என்றாள்.

எர்ணாவூர் மொட்டைமாடியில்
ஏழு பெயிண்ட் வாளி.
ஒரு விதையில் மட்டும் இரண்டு முளை.
ஒன்று தாயை அப்படியே உரித்து வைத்ததாம்,
இன்னொன்று யார் ஜாடை என்று தெரியாததாம்.
எது எது என்று இன்றுவரை தெரியாது,
இரண்டுக்கும் ஒரே தண்ணீர்தான்.
காலையில் பழைய பனியனை நனைத்து
இலை இலையாகத் துடைப்பேன்.
பனியன் கறுத்துவிடும்.
எங்கள் பக்கத்துக் காற்று அப்படி.

அது என்ன சாதிச் செடி என்று
முதலில் கண்டுபிடித்தது ஒரு பட்டாம்பூச்சி.
கொரியா என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை.
காலால் தொட்டு ருசி பார்த்தது, முட்டை வைத்தது.
பறவை எச்சம் போல ஒட்டிக்கிடந்த புழுக்கள்
பத்தே நாளில் இரண்டு வாளியைக்
குச்சியாக்கின.

அடுத்து கண்டுபிடித்தவர்
கீழ்வீட்டு நாகபூஷணம்.
மூன்று மூன்றாய் இலை. வில்வம் என்று
நாலு பிரதோஷத்துக்குக் கிள்ளிக்கொண்டு
திருவொற்றியூர் போயிருக்கிறார்.
விரலில் முள் ஏறிய அன்றுதான் எனக்குத் தெரிந்தது.
"இது வில்வம் இல்லைங்க."
கொஞ்சம் யோசித்தார்.
"மூணு இலை இருக்குதுல்ல?
மிச்சத்த அவரு பாத்துக்குவாரு."

இலை கொட்டினால்தான் பூ பிடிக்குமாம்.
மார்கழி வந்தது. இருபது டிகிரி.
வளர்மதி ஸ்வெட்டர் தேடினாள்.
செடி ஒரு இலையைக்கூட விடவில்லை.
இது குளிரா என்று கேட்பது போல
பச்சையாகவே நின்றது.

அன்று ராத்திரி பைக்கின் முன்னால்
ஒரு வாளியை இடுக்கிக்கொண்டு போனேன்.
யார்டில் ஒரு காலிப் பெட்டி,
ரிப்பேர் முடிந்து சோதனை ஓட்டம்.
ப்ளஸ் இரண்டு வைத்தேன்.
நாற்பதடி இருட்டில், முழு மெஷினும் உறும,
முழங்கால் உயரச் செடி ஒன்று.
பதிவேட்டில் எழுதினேன்:
சரக்கு, இல்லை.

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தேன்.
வெளிக்காற்று பட்டதும்
இலையெல்லாம் வேர்த்துவிட்டது,
என்னைப் போல.
எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு இலை உதிர்ந்தது.
குளிருக்கா, லாரிக் காற்றுக்கா, தெரியவில்லை.
நிறுத்திப் பொறுக்க முடியாது அந்த ரோட்டில்.

வாசலில் நாகபூஷணம்,
கையில் பூக்கூடை. "இன்னிக்குப் பிரதோஷம்."
கிள்ள வந்த கை வாளி மண்ணில் பட்டு நின்றது.
"இன்னாப்பா, மண்ணு
இவ்ளோ சில்லுனு கீது?"
பதில் சொல்ல வாய் திறந்தேன்.
அவர் கேட்கவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு
அடுத்த கையையும்
மண்ணில் வைத்துக்கொண்டார்.