இரட்டை மடிப்பு

செத்தவீட்டு விடியலில்
பப்பாவின் வெள்ளைச் சேட்டை மினுக்கியது நான்.
இடக்கையில் ஒரு மடிப்புக்கு
இரண்டு விழுந்துவிட்டது.
பார்த்திருந்தால்
"என்ன மெற்றில்டா, தண்டவாளமோ?" என்று பறித்து
தண்ணீர் தெளித்து
முதலிலிருந்து தொடங்கியிருப்பார்.
ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொண்டார்.

மனுவேல் அந்திரேசுப்பிள்ளை.
சிலோன் நேவியில் சிக்னல்காரன்.
பத்தொன்பது வருஷம் கடலில் கிடந்தும்
சூடைமீன் பொரித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு
முற்றத்துக்கு ஓடுவார்.
குருநகரில் இப்படியும் ஒரு ஆள் என்று
ஊர் சிரித்து முடிக்கவே
நாலைந்து வருஷம் எடுத்தது.

தவணை தொடங்கும் திங்கட்கிழமை
எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள்
ஈர யூனிபோமோடு வாசலில் நிற்பார்கள்.
சிரட்டைக் கரி கணகணக்க
பெட்டியை வாழையிலையில் ஒரு இழுவை இழுத்து
"அடுத்தது!" என்பார்.
முதல் நன்மை எடுக்கும் பிள்ளைக்கு மட்டும்
கொலருக்குள்ளும் மினுக்குவார்.
கொலருக்குள் யார் பார்ப்பது என்று கேட்டேன்.
"போட்டிருக்கிறவனுக்குத் தெரியுமெல்லோ."

அம்மாவோடு கதைப்பதற்கு
அவரிடம் வாயைவிட வேறு வழிகள் இருந்தன.
முதலில் டோர்ச்.
பற்றரி வராத காலத்தில்
கோப்பை விளிம்பில் கரண்டி.
டிக். டிக்டிக். கொஞ்சம் பொறுத்து, டிக்.
அம்மாவுக்குத் தெரிந்தது மூன்றே மூன்று:
தேத்தண்ணி.
இந்தா வாறன்.
இன்னும் கோபமோ?

கடல் பக்கமிருந்து ஷெல் வந்த இரவுகளில்
பங்கருக்குள் பதினொரு பேர்.
"உங்கடை ஆக்கள்தானே, அந்திரேசு?" என்றார்
பக்கத்து வீட்டு நீக்கிலாஸ்.
பப்பா பதில் சொல்லவில்லை.
வாசலில் குந்தியிருந்து
வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையில்
எண்ணிக்கொண்டிருந்தார்.
"நாலு, அஞ்சு... பிள்ளையள், இப்ப காதைப் பொத்துங்கோ."
ஒரு தடவையும் பிழைக்கவில்லை.
நீக்கிலாஸும் பொத்தினார்.

தம்பி றெஜிஸ்
நண்டு வலைக்குப் போன இரவு
கணக்கில் இல்லை.
வள்ளத்தின் பாதி மூன்றாம் நாள் ஒதுங்கியது.
சுட்டது ஆர் என்று
எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.
அந்த மாதத்திலிருந்து
பென்சன் வரும் பழுப்புக் கவரை
பப்பா தன் கையால் திறந்ததில்லை.
அம்மா திறந்தா.
அம்மா அரிசி வாங்கினா.
அவர் சாப்பிட்டார், நாங்களும்தான்.

சண்டை முடிந்து
ஊர்காவற்றுறைக்கு ஒரு கலியாணத்துக்குப் போனோம்.
வழியில் மறித்த நேவிப் பொடியனுக்கு
இருபதுகூட இராது.
பையைத் திறந்து காட்டச் சொன்னான்.
பப்பா பையைப் பார்க்கவில்லை,
அவன் கொலரையே பார்த்தார்.
பழைய சிங்களத்தில் கேட்டார்:
"மகன், இதை ஆர் மினுக்கினது?"
பொடியன் வெட்கப்பட்டுச் சிரித்தான்.
பப்பாவும் சிரித்தார்.
கலியாண வீட்டில் அவர் ஒரு வாயும் சாப்பிடவில்லை.
வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள்
கரண்டி கோப்பையில் படவில்லை.

பெரியாஸ்பத்திரி, பதினேழாம் வார்டு.
பேச்சு போய்விட்டது.
விரல் மட்டும் கட்டில் இரும்பில் தட்டிக்கொண்டிருந்தது.
அம்மா குனிந்து கேட்டா.
"தேத்தண்ணி கேக்கிறார்."
பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தோம்.
விரல் நிற்கவில்லை.
ஒரு தேத்தண்ணிக்கு
யாரும் இவ்வளவு நேரம் தட்டமாட்டார்கள்.
நான் அம்மாவைப் பார்த்தேன்.
அம்மா பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தா.

பெட்டி மூடப் போகும்போது
அந்த இரட்டை மடிப்பைக் கண்டுவிட்டா.
பெருவிரல் நகத்தால் ஒன்றை அழுத்தித் தேய்த்தா,
அது போகவில்லை.
பிறகு அந்தக் கையின் மேலேயே
ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினா.
சுவாமி செபத்தை முடித்துவிட்டுக் காத்திருந்தார்.
அம்மா இன்னும் தட்டினா.

மூன்றுக்கு மேல் அவவுக்குத் தெரியாது என்றுதான்
இவ்வளவு காலமும்
நாங்கள் நினைத்திருந்தோம்.